நல்லின நாயின் ஈற்றும் குட்டிகளைப் பேணும் முறையும்

பசு சினையாகிவிட்டால் வீட்டார் அனைவரும் அதன் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஆடு குட்டி போடும் நாள் நெருங்கினால் அதை மேய்ச்சலுக்கு அனுப்பாமல் பட்டியிலேயே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பட்டியை இரவு முழுவதும் காத்து நிற்கும் நாய் சினையானால் அதன் நாளை எண்ணுவோர் மிகச் சிலரே. வைக்கோற் போரின் அடியிலோ விறகுக் குவியலின் இடுக்கிலோ அது தானாகவே ஓர் இடத்தைத் தேடிக்கொள்கிறது. எட்டுக் குட்டிகள் பிறந்து, ஒரு வாரம் கழித்து மூன்று மட்டும் எஞ்சினால், ‘நாய்க் குட்டிதானே, அதன் விதி அவ்வளவுதான்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

அது விதியன்று. பிறந்த முதல் வாரத்தில் மடியும் குட்டிகளிற் பல, குளிராலும் முன்னேற்பாடு இன்மையாலும் மடிகின்றன. இவ்விரண்டையும் உழவர் தம் கையாலேயே நீக்கிவிடலாம். அதற்கு அதிகச் செலவு இல்லை. நாளைக் குறித்து வைத்தலும், இடத்தை ஆயத்தம் செய்தலும், பிறக்கும் குட்டிகள் எந்தெந்த வீட்டிற்குப் போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தலுமே வேண்டுவன.

தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்துள்ள சித்தேரி மலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலையின்மேல் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. சாமை, கேழ்வரகு முதலியவற்றைப் பயிரிட்டும் ஆடு மாடுகளை வளர்த்தும் அம்மக்கள் வாழ்கின்றனர். காட்டை ஒட்டிய கொல்லையில் காட்டுப்பன்றி நுழைந்தால் குரல் கொடுப்பதற்கும், பட்டியில் அயலார் கால்வைத்தால் தடுப்பதற்கும் நல்ல காவல் நாய் வேண்டும். அதே மலையில் மார்கழி, தை இரவுகளின் குளிர் கடுமையானது. ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் நள்ளிரவில் நாய் ஈற்றுநோவில் தவித்தால், உடனே மருத்துவரைக் கொண்டுவருதல் எளிதன்று. ஆகவே, மருத்துவர் தொலைவில் இருக்கும் ஊரில் முன்னேற்பாடே முதல் மருத்துவம் ஆகிறது. சமவெளி உழவர்க்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

நம் மண்ணின் நாய்கள்

நல்லின நாய் என்றவுடன் சிலர் வெளிநாட்டு நாயையே நினைக்கின்றனர். நம் மாநிலத்திலேயே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் பெயர்பெற்ற இனங்கள் உள்ளன. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரைத் தாங்கியவை. கோம்பை, தேனி மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கியது. இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல் தலைகளுள் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் நாட்டு இனங்களைக் காத்தலை வலியுறுத்தியது.

இந்நாய்கள் நமது வெயிலையும் நமது உணவையும் தாங்குபவை. அடர்ந்த மயிர் கொண்ட குளிர்நாட்டு நாய்களை இங்குக் கொண்டுவந்து வருத்துதல் வீண் செலவு, அவற்றிற்கும் துன்பம்.

தாயைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டை நாய் முதல் முறை பருவத்திற்கு வந்தவுடன் கடுவனோடு சேர்த்தல் தவறு. அப்போது அதன் எலும்பும் இடுப்பும் முதிர்ந்திரா. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, பெட்டைக்கு 18 மாதமேனும் நிறைந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் ஒரு முறைக்கு மேல் ஈனச் செய்தல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வயதிற்குப் பிறகும் கூடாது. விற்பனைக்காக நாய் வளர்ப்போர் மாநில விலங்குகள் நல வாரியத்திற் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

மலையூர்களில் மற்றோர் இடர்ப்பாடு உண்டு. நல்ல கடுவன் ஒன்றே இருக்கும். அதுவே சில ஆண்டுகளில் ஊர் நாய்கள் அனைத்திற்கும் தந்தையாகிவிடும். உடன்பிறந்தவற்றையும், தந்தையையும் மகளையும் சேர்த்தால் பிறவிக் குறைகள் பெருகும். ராஜபாளையம் போன்ற வெண்ணிற நாய்களிற் சில பிறவியிலேயே செவிடாயிருத்தல் உண்டு. ஆதலால் செவிட்டு நாயை ஒருபோதும் இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது. இயன்றால் வேற்றூரிலிருந்து, வம்சாவளி தெரிந்த கடுவனைத் தேடுக. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் ஈற்றுகளைப் பதிவு செய்து வம்சாவளிச் சான்று வழங்குகிறது. ஆனால் சான்றுத் தாள் நாயின் உடல்நலத்திற்கு ஈடாகாது. தாயையும் தந்தையையும் நேரிற் கண்டு, அவற்றின் குணத்தையும் அறிந்த பின்னரே முடிவு செய்தல் நலம்.

சேர்க்கைக்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசியும், டிஸ்டம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். தாய் பெற்ற நோய் எதிர்ப்பே சீம்பால் வழியாகக் குட்டிக்குச் செல்கிறது. புழு நீக்கமும் உண்ணி ஒழிப்பும் அப்போதே முடிந்திருக்க வேண்டும்.

பருவம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். உதிரம் கண்ட நாளிலிருந்து 10 முதல் 14 நாள்களுக்குள் பெரும்பாலான பெட்டைகள் கடுவனை ஏற்கும். அந்த மூன்று வாரமும் பெட்டையைக் கட்டுக்காவலில் வைத்தல் வேண்டும். ஒரே ஈற்றில் இரு தந்தையரின் குட்டிகள் பிறத்தல் கூடுமாதலின், ஒருநாள் காவல் தவறினாலும் இனத்தூய்மை போய்விடும்.

அறுபத்து மூன்று நாள்

ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பசுவினது ஒன்பது மாதத்திற்கும் மேல். நாய்க்கோ ஏறத்தாழ 63 நாள்களே. சில நாள் முன்னும் பின்னும் ஆகலாம். ஆகவே சேர்க்கை நாளை நாட்காட்டியிற் குறித்துவைத்தல் முதற்கடமை. பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள ஆண்டில் ஜனவரி 15-ஆம் நாள் சேர்க்கை நடந்தால் மார்ச் 19-ஆம் நாளை ஒட்டி ஈற்று வரும். அக்டோபர் 15-ஆம் நாள் நடந்தாலோ, ஈற்று டிசம்பர் 17-ஆம் நாளை ஒட்டி, மார்கழித் தொடக்கத்தில் வரும். மலையில் அது கடுங்குளிர்க் காலம். அப்போது இரட்டிப்பு ஏற்பாடு வேண்டும். இயலாதென்றால் அந்தப் பருவத்தை விட்டு அடுத்த பருவத்திற் சேர்க்கலாம்.

நான்காவது வாரத்தில் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சினையை உறுதி செய்வார். வீட்டார் வயிற்றை அழுத்திப் பார்த்தல் கூடாது. முதல் ஐந்து வாரம் வழக்கமான உணவே போதும். அதன் பின்னர் உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஈற்று நெருங்கும்போது வழக்கத்தைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை மிகுதியாகக் கொடுக்கலாம். குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஒரே வேளையில் அதிகம் தின்ன இயலாது; மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கேழ்வரகுக் களியும் சோறும் மட்டும் போதா. வேகவைத்த முட்டை, மீன், இறைச்சி இவற்றுள் இயன்றதைச் சேர்க்க வேண்டும். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதைக் கொடுத்தலாகாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதையும் நினைவிற் கொள்க.

இங்கே ஓர் எச்சரிக்கை. சினைக்காலத்தில் சுண்ணாம்புச் சத்து மருந்து ஊட்டினால் நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். மருத்துவர் சொல்லாமல் அதனைக் கொடுத்தால், எலும்பிலிருந்து சத்தை எடுத்துப் பயன்படுத்தும் இயற்கைத் திறன் மந்தப்பட்டு, பால் கொடுக்கும் காலத்தில் வலிப்பு வருவதற்கு அதுவே காரணமாகலாம். மனிதர்க்குரிய காய்ச்சல், வலி மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுத்தலாகாது.

உருண்டைப் புழுக்கள் தாயின் கருப்பையிலேயே குட்டிகளை அடைகின்றன. கொக்கிப் புழு பால் வழியாகச் செல்கிறது. ஆதலால் சினைக்காலத்தில் கொடுக்கத்தக்க புழு நீக்க மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறுக.

ஈற்றுப் பெட்டி

ஈற்றுக்கு இரண்டு வாரத்திற்கு முன்பே இடத்தை ஆயத்தம் செய்து, தாயை அங்கே படுத்துப் பழகச் செய்ய வேண்டும். மக்கள் நடமாட்டமும் அடுப்புப் புகையும் மழைச்சாரலும் இல்லாத மூலை ஏற்றது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற உயரமான நாய்க்கு நாலடி நீளமும் நாலடி அகலமும் உள்ள மரப்பெட்டி போதும். தாய் எளிதில் வந்து போகவும், குட்டிகள் வெளியே உருண்டு விடாதிருக்கவும், முன்பக்கத்துப் பலகையின் உயரம் ஓர் அடிக்குள் இருக்கட்டும். பெட்டியைச் செங்கல்லின்மேல் வைத்தால் தரையின் ஈரமும் குளிரும் ஏறா.

பெட்டியின் உட்புறம் நாற்பக்கமும், தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில், சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, மூங்கிற் கழிகளைப் பொருத்துக. தாய் சுவரோரம் சாய்ந்து படுக்கும்போது குட்டி அதன் முதுகுக்கும் சுவருக்கும் இடையே நசுங்காமல் இந்தக் கழியின் கீழ் ஒதுங்கிக்கொள்ளும். செலவில்லாத இச்சிறு ஏற்பாடு பல குட்டிகளின் உயிரைக் காக்கும். விரிப்பிற்குச் சுத்தமான பழைய பருத்தித் துணி ஏற்றது. ஈரமானவுடன் மாற்றுவதற்கு மேலும் துணிகளைத் துவைத்து வெயிலில் உலர்த்தி வைக்க வேண்டும்.

வெதுவெதுப்பே உயிர்

பிறந்த குட்டிக்குத் தன் உடலின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் முதல் வாரத்தில் அதனால் இயலாது. ஆகவே முதல் வாரம் குட்டி படுக்கும் இடத்தில் 85 முதல் 90 பாரன்ஹீட் பாகை வரை வெப்பம் இருக்க வேண்டும். பின்னர் வாரந்தோறும் சிறிது குறைத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் உள்ள வீட்டில் பெட்டியின் ஒரு பக்கத்திற்கு மேல், தாயின் தலை படாத உயரத்தில், சூடு தரும் குமிழ் விளக்கைப் பாதுகாப்பாகத் தொங்கவிடலாம். மின்சாரம் நின்றுவிட்டால் வெந்நீர் நிரப்பி இறுக மூடிய புட்டிகளைத் தடித்த துணியிற் சுற்றி வைக்கலாம். ஆறியவுடன் மாற்ற வேண்டும். எப்போதும் ஒரு பக்கத்தில் மட்டும் சூடு இருக்கட்டும். அப்போதுதான் மிகையாகச் சுடும்போது குட்டி மறுபக்கம் ஊர்ந்து போகும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தினால் குளிர் என்றும், தனித்தனியே விலகி வாயைத் திறந்து இளைத்தால் சூடு மிகுதி என்றும் அறிக.

மூடிய அறையில் கரிச்சட்டியில் நெருப்பு மூட்டி வைத்தல் பெருந்தவறு. அதிலிருந்து எழும் நச்சுக்காற்றுக்கு மணமும் நிறமும் இல்லை. குட்டிகள் மட்டுமன்றி அங்குப் படுத்துறங்கும் மனிதரும் இறந்துபோவர்.

ஈற்று நாள்

56-ஆம் நாள் முதல் காலையும் மாலையும் தாயின் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து எழுதி வருக. வழக்கமாக 101 முதல் 102 பாகை வரை இருக்கும் சூடு, 99 பாகைக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் ஈற்று வரும். தாய் உணவை வெறுக்கும், தரையைப் பிறாண்டும், இளைக்கும், அமைதியின்றி எழுந்து எழுந்து படுக்கும். இந்நிலை பல மணி நேரம் நீடிக்கும். அதன் பிறகே முக்கல் தொடங்கும்.

சுத்தமான துணிகள், கொதிக்கவைத்த நூல், கொதிக்கவைத்த கத்தரிக்கோல், அயோடின் கரைசல், சிறு தராசு, கைவிளக்கு, குறிப்பேடு ஆகியவற்றை ஒரு கூடையில் முன்னரே எடுத்து வைக்க வேண்டும். தாய்க்குப் பழகிய ஒருவரோ இருவரோ மட்டும் உடனிருத்தல் போதும். ஊரார் கூடி வேடிக்கை பார்த்தால் தாய் அஞ்சி ஈற்றை நிறுத்திக்கொள்ளும்.

நல்ல தாய், குட்டி பிறந்தவுடன் பனிக்குடத்தைக் கிழித்துக் கொடியைக் கடித்து நக்கிவிடும். ஓரிரு நிமிடத்தில் அவ்வாறு செய்யாவிட்டால் நாம் செய்ய வேண்டும். முகத்தின்மேல் உள்ள படலத்தை முதலில் அகற்றி, மூக்கையும் வாயையும் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, உலர்ந்த துணியால் முதுகையும் மார்பையும் நன்றாகத் தேய்க்க வேண்டும். குட்டியைக் கையிற் பிடித்து வீசிச் சுழற்றுதல் பழைய வழக்கம். அதனால் மூளையில் காயம் நேரும். வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டுக் கொடியை நூலாற் கட்டி, அப்பால் வெட்டி, அயோடின் தடவுக. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நச்சுக்கொடி வெளிவந்ததா என எண்ணிக் குறித்துக்கொள்க.

பின்வரும் நிலைகளில் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். கடுமையாக முக்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வராமை. உள்ளே குட்டி இருக்க, இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடுத்த குட்டி வராமை. முதற்குட்டிக்கு முன்பே கரும்பச்சை நிறக் கசிவு. சூடு இறங்கி ஒரு நாள் கடந்தும் ஈற்று தொடங்காமை. குட்டியின் ஒரு பகுதி வெளிவந்து சிக்கிக்கொள்ளுதல். அறியாதவர் சொற்கேட்டு, முக்கலைத் தூண்டும் ஊசியைப் போடச் செய்தலாகாது. குட்டி குறுக்கே சிக்கியிருந்தால் கருப்பை கிழிந்து தாயும் இறக்கும்.

மலையூரில் இருப்போர் ஈற்று வாரத்திற்கு முன்பே மருத்துவரைக் கண்டு நாளைத் தெரிவித்து, அவருடைய தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதிவைத்து, இரவில் அழைத்தால் வரக்கூடிய வண்டிக்காரரிடமும் சொல்லிவைத்தல் வேண்டும். கால்நடை மருத்துவ ஊர்தியை அழைப்பதற்கு 1962 என்னும் எண் உள்ளது. கைப்பேசிக்கு அலை கிடைக்காத சிற்றூராயின், அலை கிடைக்கும் இடம் எது, இரவில் அங்கே செல்பவர் யார் என்பதையும் முடிவு செய்க.

முதல் மூன்று வாரம்

பிறந்த சில மணி நேரத்திற்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்தல் இன்றியமையாதது. ஒரு நாள் கடந்துவிட்டால் அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் ஏற்றுக்கொள்ளாது. வலிமை குறைந்த குட்டியைப் பின்புற மடிக்காம்பில் பிடித்து ஊட்ட வேண்டும். அங்கேதான் பால் மிகுதி.

குளிர்ந்து விறைத்த குட்டிக்கு உடனே பால் ஊட்டுதல் பலரும் செய்யும் பிழை. உடல் குளிர்ந்திருக்கும்போது குடல் இயங்காது. ஊட்டிய பால் கெட்டுக் குட்டியைக் கொல்லும். முதலில் அதனை மார்போடு அணைத்தோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகில் வைத்தோ மெல்ல மெல்லச் சூடேற்றி, பின்னரே பால் ஊட்ட வேண்டும். முதலில் வெதுவெதுப்பு, பிறகு பால் என்னும் இவ்வொன்றை மட்டும் நினைவிற் கொண்டாலும் இக்கட்டுரையின் பயன் நிறைவேறும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் குட்டிகளை எடைபோட்டு எழுதுக. 400 கிராம் எடையோடு பிறந்த குட்டி, பத்தாம் நாளை ஒட்டி 800 கிராமை எட்ட வேண்டும். ஒரு நாள் எடை கூடாவிட்டால் கவனிக்க. இரண்டாம் நாளும் கூடாவிட்டாலோ குறைந்தாலோ மருத்துவரைக் கேட்க. கண்ணுக்குத் தெரியாத நோயைத் தராசு முன்னதாகவே காட்டிவிடும்.

தாய் இறந்தாலோ பால் சுரக்காவிட்டாலோ, அண்மையில் ஈன்ற வேறு நாயிடம் விடுதல் மிக நன்று. இல்லையேல் நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவு வாங்குக. நாய்ப்பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் பசும்பாலில் உள்ளவற்றைப்போல் இருமடங்கிற்கும் மேற்பட்டவை. ஆதலால் வெறும் பசும்பால் குட்டிக்குப் போதாது. பால்மாவு கிடைக்கும் வரை, கொழுப்பு எடுக்காத பாலில் முட்டையின் மஞ்சட்கருவைக் கலந்து ஓரிரு நாள் சமாளிக்கலாம். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், குட்டியைக் குப்புற வைத்தே ஊட்டுக. மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலில் இறங்கும். ஊட்டியபின் வெந்நீரில் நனைத்த பஞ்சினால் அடிவயிற்றை வருடினால்தான் குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கும். தாய் நாவினாற் செய்யும் வேலை அது.

கண்கள் 10 முதல் 14 நாள்களுக்குள் தாமாகத் திறக்கும். அவற்றை வலிந்து திறக்கலாகாது. காது அதன் பின்னர்க் கேட்கத் தொடங்கும். ஐந்தாவது வாரத்தில் ஒவ்வொரு குட்டியையும் தனியே வைத்துப் பின்னாலிருந்து கைதட்டிப் பார்த்தால் முற்றிலும் செவிடாயுள்ள குட்டியை அறியலாம்.

தாயின் நலம்

எட்டுக் குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் வழக்கமான உணவைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். தண்ணீர் எப்போதும் அருகில் இருக்கட்டும். தாய் நடுங்குதல், கால் விறைத்து நடத்தல், வாய் திறந்து மிகையாக இளைத்தல் ஆகியவை உடலில் சுண்ணாம்புச் சத்து குன்றியதன் அறிகுறிகள். அவை கண்டவுடன் குட்டிகளைப் பிரித்துவிட்டுத் தாயை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதமும் உயிரைப் போக்கும். மடி கல்போல் இறுகிச் சுட்டாலும், நாற்றமுள்ள கசிவும் காய்ச்சலும் கண்டாலும் அவ்வாறே செய்க. குட்டிகளின் நகம் மடியைக் கீறாதபடி வாரம் ஒருமுறை நுனியை வெட்டிவிடுதல் நன்று.

நான்காவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை

நான்காவது வாரத்தில் நீர்த்த கேழ்வரகுக் கூழில் பாலும் மசித்த முட்டையும் கலந்து தட்டையான தட்டில் வைத்துப் பழக்கலாம். படிப்படியாகக் கெட்டியாக்கி, ஏழாவது எட்டாவது வாரத்தில் தாய்ப்பாலை மறக்கச் செய்யலாம். திடீரென்று பிரித்தால் குட்டிக்குக் கழிச்சலும் தாய்க்கு மடிநோயும் வரும்.

புழு நீக்க மருந்தை இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, எடைக்குத் தக்க அளவில், மருத்துவர் சொற்படி கொடுக்க வேண்டும். நாயின் உருண்டைப் புழு முட்டைகள் மண்ணிற் கலந்து குழந்தைகளின் வயிற்றை அடைந்தால் கண்ணையும் ஈரலையும் பாதிக்கும். குட்டியோடு விளையாடிய பிள்ளைகள் சோப்பினாற் கைகழுவிய பிறகே உண்ண வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதற் கூட்டுத் தடுப்பூசியும், பின்னர் மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறையாகப் பதினாறாவது வாரம் வரை அடுத்த தவணைகளும் போட வேண்டும். மூன்றாவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் குறிக்கும் நாளில் மறுதவணை, அப்பால் ஆண்டுதோறும். தவணைகள் முடியும்வரை குட்டியைச் சந்தைக்கும் பிற நாய்கள் கூடும் இடத்திற்கும் கொண்டுசெல்லலாகாது. உதிரம் கலந்த கழிச்சலும் வாந்தியும் பார்வோ நோயாக இருக்கலாம். ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தால் குட்டி தப்பாது.

மூன்றாவது வாரம் முதல் மூன்றாவது மாதம் வரை குட்டி காண்பவையெல்லாம் அதன் மனத்தில் ஆழப் பதியும். பட்டிக் காவலுக்குரிய குட்டி அக்காலத்தில் ஆட்டின் மணத்தையும் குரலையும் நாள்தோறும் அறிய வேண்டும். கோழியைத் துரத்தினால் உடனே தடுக்க வேண்டும்; அடித்தல் கூடாது. அடிபட்டு வளர்ந்த நாய் அஞ்சிக் கடிக்கும். அன்பிற் பழகிய நாயோ நம் சொல் கேட்டு நிற்கும்.

குட்டி போகும் வீடு

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்றல் மேற்கூறிய 2017-ஆம் ஆண்டு விதிகளுக்கும் முரண். எட்டுக் குட்டிக்கு எட்டு வீடு வேண்டும். அவ்வீடுகள் 63 நாளுக்குள்ளேயே முடிவாகியிருக்க வேண்டும். முடிவாகாத ஈற்றில், ஆண் குட்டிகள் விலைபோக, பெண் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுச் சந்தைத் திடலிலோ சாலையோரத்திலோ விடப்படுகின்றன. அவற்றுள் பிழைத்தவை தடுப்பூசியின்றி வளர்ந்து, மீண்டும் தெருவிலே குட்டி போடுகின்றன. அதன் முடிவு ஏதேனும் ஒரு வீட்டுப் பிள்ளையின் காலில் பதியும் பல்லாக இருக்கலாம்.

வெறிநோய் கண்டபின் மனிதரைக் காப்பது அரிதினும் அரிது. வருமுன் தடுப்பதோ எளிது. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காத்தார். நம் நாட்டின் குன்னூரிலும் 1907-ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி தொடங்க வேண்டும். மஞ்சளும் மிளகாயும் அப்பி வீட்டில் இருத்தல் உயிருக்கு உலை வைப்பதாகும்.

காட்டை ஒட்டிய ஊர்களுக்கு மற்றொரு கடமையும் உண்டு. நாயைக் கொண்டு வேட்டையாடுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயின் நோய்கள் காட்டு விலங்குகளையும் தாக்கும். 2018-ஆம் ஆண்டில் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் மடிந்தபோது, அவற்றிடம் டிஸ்டம்பர் நச்சுயிரி காணப்பட்டது. ஆகவே நம் நாய்க்குப் போடும் ஊசி காட்டிற்கும் காவலாகிறது.

பஞ்சாயத்தின் கடமை

நாய் வளர்ப்பு தனி மனிதர் காரியம் என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒதுங்கியிருத்தல் கூடாது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளித்துள்ளன. ஊரில் உள்ள நாய்கள், அவற்றின் உரிமையாளர், தடுப்பூசி நாள், சினை நாள், பிறந்த குட்டிகள், அவை சென்ற வீடுகள் ஆகியவற்றை எழுத ஒரு பதிவேடு போதும். கால்நடைத் துறையினரைக் கேட்டு ஆண்டுக்கு ஒருமுறை சிற்றூர்தோறும் தடுப்பூசி முகாம் நடத்தலாம். உலக வெறிநோய் நாளாகிய செப்டம்பர் 28 அதற்கு ஏற்ற நாள். இனப்பெருக்கத்திற்கு வேண்டாத நாய்களுக்குக் கருத்தடை செய்யவும் அப்போதே பெயர் எழுதிக்கொள்ளலாம்.

சித்தேரி போன்ற மலையில் ஒரு நல்ல காவல் நாய் உழவனின் உறக்கத்தைக் காக்கிறது. அந்நாய் ஈனும் நாளில் அவன் ஓர் இரவு விழித்திருத்தல் அதற்குச் செலுத்தும் கைம்மாறாகும். நாளைக் குறித்து, இடத்தை அமைத்து, வீடுகளை முடிவு செய்த பிறகு பிறக்கும் நான்கு குட்டிகள், ஏற்பாடின்றிப் பிறக்கும் பத்துக் குட்டிகளினும் ஊருக்கு மிகுந்த பயன் தரும். அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் அப்பதிவேட்டைத் தொடங்குவதற்குத் தீர்மானம் செய்வார்களாக.